இரட்டை ப்ராசஸர் கணினியை ஓவர்கிளாக் செய்தபின் ஹேங் ஆகிறதா? பழுதைப் பிரித்துக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

ஓவர்கிளாக் செய்த, அதாவது ப்ராசஸரை அசல் வேகத்தைவிடக் கூட்டி ஓட்டும் கணினி ஹேங் ஆனதும் பலருடைய கை முதலில் போவது கோர் வோல்டேஜுக்குத்தான் (ப்ராசஸரின் கணக்கிடும் பகுதிகளான கோர்களுக்குப் போகும் மின்னழுத்தம்). ஒரே ப்ராசஸர் உள்ள கணினியில் அது பாதி நேரம் பலிக்கும். இரண்டு ப்ராசஸர் உள்ள கணினியில் அநேகமாகப் பலிக்காது. பலித்தாலும் எதனால் பலித்தது என்று புரியாது. இங்கே இரண்டு மெமரி கன்ட்ரோலர்கள் இருக்கின்றன, இரண்டு தொகுதி ராம் இருக்கிறது, இரண்டு வோல்டேஜ் ரெகுலேட்டர்கள் இருக்கின்றன, இரண்டு ப்ராசஸருக்கும் நடுவே ஓர் இணைப்பு ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பவர் சப்ளை. இதில் எது தடுமாறினாலும் திரையில் தெரிவது அதே ஹேங்தான்.

அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி ஒரே வேலைக்குத்தான்: பழுது எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்ப்பது. வோல்டேஜைத் தொடுவது எட்டாவது படியில்தான் வரும்.

எடுத்துக்காட்டுகளை எல்ஜிஏ 1366 சாக்கெட்டில் இரண்டு இன்டெல் ஸியான் எக்ஸ்5650 போட்ட கணினியை வைத்துச் சொல்கிறேன். இவிஜிஏ எஸ்ஆர்-2 போன்ற போர்டுகள் இந்த வகை. அதற்கு அடுத்து வந்த ஸியான் ஈ5 இரட்டை போர்டுகளில் பெருக்கி பூட்டப்பட்டிருக்கும், பேஸ் கிளாக்கையும் சில சதவீதத்துக்கு மேல் நகர்த்த முடியாது (பேஸ் கிளாக் என்பது போர்டின் அடிப்படை வேகம், அதைப் பெருக்கியால் பெருக்கினால் கோர் வேகம்). எண்கள் மாறினாலும் பிரித்துப் பார்க்கும் முறை, ஒவ்வொரு ப்ராசஸருக்கும் தனி ராம் உள்ள எந்த இரட்டை ப்ராசஸர் கணினிக்கும் பொருந்தும்.

1. கையில் இருக்க வேண்டியவை

இரண்டு ப்ராசஸரும் ஒரே மாடலாகவும் ஒரே ஸ்டெப்பிங்காகவும் (சில்லின் திருத்தப் பதிப்பு) இருக்கட்டும். மூடியின் மேல் எஸ்எல் என்று தொடங்கும் ஐந்தெழுத்துக் குறி அச்சிட்டிருக்கும். இரண்டிலும் அது ஒன்றாக இருந்தால் சரி. பேஸ்ட் பூசி கூலரை மாட்டிய பிறகு அதைப் பார்க்க முடியாது என்பதால் முன்பே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ராம் ஒரே வகையாக, இரு பக்கமும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். ரெஜிஸ்டர்டு ராமையும் (சர்வர் வகை) அன்பஃபர்டு ராமையும் (சாதாரண மேசைக்கணினி வகை) கலந்து போடவே கூடாது. சோதனை முடியும்வரை சேனலுக்கு ஒன்று போதும்: எல்ஜிஏ 1366இல் ஒரு ப்ராசஸருக்கு மூன்று சேனல், ஆக மொத்தம் ஆறு. எல்லா ஸ்லாட்டையும் நிரப்பினால் மெமரி கன்ட்ரோலரின் சுமை ஏறும், அந்தத் தொல்லை இப்போது வேண்டாம்.

பவர் சப்ளையிலிருந்து இரண்டு தனித்தனி 8 பின் சிபியு கேபிள்கள் வர வேண்டும். ஒரே கேபிளை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரை வைத்து ஓவர்கிளாக் செய்யாதீர்கள். ஏன் என்பதை ஒன்பதாம் பகுதியில் கணக்கோடு காட்டுகிறேன்.

தனியாக ஒரு பழைய டிஸ்க் தேவை. சோதனைக்கான ஆபரேட்டிங் சிஸ்டத்தை அதில் போடுங்கள். உங்கள் கோப்புகள் உள்ள டிஸ்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். மெமரி பிழையோடு ஓடும் கணினி, தவறான தரவை எந்தக் கூச்சமும் இல்லாமல் டிஸ்கில் எழுதிவிடும். பிறகு ஓவர்கிளாக்கை எடுத்துவிட்டாலும் கெட்டுப்போன கோப்பு கெட்டதுதான்.

இன்னொன்று, விண்டோஸின் ஹோம் பதிப்பு ஒரு ப்ராசஸரைத்தான் ஏற்கும். இரண்டாவது சாக்கெட் செத்துவிட்டதாக நினைத்து போர்டைக் கழற்றுகிறவர்கள் பலர் இதைத்தான் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். ப்ரோ பதிப்பு இரண்டையும் ஏற்கும். லினக்ஸில் இந்தத் தடை இல்லை.

மென்பொருளில் மெம்டெஸ்ட்86 ப்ளஸ், ப்ரைம்95, லின்பேக் அடிப்படையிலான ஏதாவது ஒரு சோதனை, வெப்பமும் வோல்டேஜும் பார்க்க எச்டபிள்யூஇன்ஃபோ, அப்புறம் யுஎஸ்பியிலிருந்தே ஓடும் ஒரு லினக்ஸ். ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும். மாற்றிய ஒவ்வொரு எண்ணையும் கையால் எழுதுங்கள், ஏனென்றால் சிமாஸை (பயாஸ் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) அழித்ததும் பயாஸில் இருந்த எதுவும் நினைவில் நிற்காது. அந்த சிமாஸ் ஜம்பர் போர்டில் எங்கே இருக்கிறது என்பதையும் கிராஃபிக்ஸ் கார்டு மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பெரிய கார்டுக்கு அடியில் அது ஒளிந்திருப்பது சகஜம்.

2. ஓவர்கிளாக்கை முழுவதும் எடுத்துவிட்டுச் சோதியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். அசல் வேகத்திலேயே பிழை விடும் கணினியை ஓவர்கிளாக் செய்து, அந்தப் பிழையை வோல்டேஜால் துரத்திக்கொண்டிருப்பார்கள்.

பயாஸை இயல்புநிலைக்குக் கொண்டுவாருங்கள். மெம்டெஸ்ட் குறைந்தது நான்கு சுற்று, பிறகு ப்ரைம்95 ப்ளெண்ட் சோதனை (கோரையும் மெமரியையும் சேர்த்து வாட்டுவது) ஓர் இரவு முழுக்க. ஒரு பிழை வந்தாலும் நிறுத்திவிட்டு அதை முதலில் தீருங்கள்.

ராம் முழுவதும் தெரிகிறதா என்று இங்கேயே பாருங்கள். ஆறு ராம் போட்டு ஐந்துதான் தெரிகிறது என்றால் ராமை மாற்றுவதற்கு முன் கூலரைச் சந்தேகியுங்கள். எல்ஜிஏ சாக்கெட்டில் கூலரின் ஒரு மூலை அதிகமாக இறுகினால் எதிர்மூலையில் சில பின்கள் ப்ராசஸரைச் சரியாகத் தொடாது, ஒரு மெமரி சேனலே காணாமல் போய்விடும். ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக, நான்கையும் ஒரே அளவில் இறுக்குங்கள். அப்படியும் வரவில்லை என்றால் ப்ராசஸரை எடுத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து சாக்கெட்டைப் பாருங்கள். நேராக நிற்கும் பின்களின் பளபளப்பு வரிசையாகத் தெரியும்; வளைந்தது மட்டும் அந்த வரிசையிலிருந்து விலகி மின்னும்.

3. பேப்பரில் கணக்குப் போடுங்கள்

பேஸ் கிளாக்கை ஏற்றினால் கோர் மட்டும் வேகமாகாது. மெமரி, அன்கோர் (ப்ராசஸருக்குள் கோர்களைத் தவிர்த்த பகுதி, மெமரி கன்ட்ரோலரும் அதில்தான்), க்யூபிஐ இணைப்பு (இரண்டு ப்ராசஸருக்கும் நடுவே ஓடுவது) எல்லாமே அதன் பெருக்கல்தான். எக்ஸ்5650இன் அசல் நிலை 133 × 20, அதாவது 2.66 கிகாஹெர்ட்ஸ். பேஸ் கிளாக்கை 180 ஆக்கினால் கோர் 3.6 கிகாஹெர்ட்ஸ். இதுவரை எல்லோரும் போடும் கணக்கு.

மெமரியைப் பாருங்கள். அசலில் பெருக்கி 10, வேகம் 1333. அதே பெருக்கியை விட்டுவைத்தால் 180இல் 1800 ஆகிவிடும். சாதாரண சர்வர் ராம் அதைத் தாங்காது. பெருக்கியை 8 ஆக்கினால் 1440, 6 ஆக்கினால் 1080. சோதனைக் காலத்துக்கு 6 வையுங்கள், அசல் வேகத்தைவிடக் குறைவு என்பதால் ராமைச் சந்தேகப் பட்டியலிலிருந்து தற்காலிகமாக எடுத்துவிடலாம்.

அன்கோர் மெமரி வேகத்தைப் பொறுத்தது. இந்த 32 நானோமீட்டர் ஸியான்களில் அது மெமரி வேகத்தின் ஒன்றரை மடங்குக்குக் குறையக் கூடாது. முந்தைய 45 நானோமீட்டர் தலைமுறையில் இரண்டு மடங்கு. 1440 மெமரிக்கு 2160 போதும். ஆட்டோவில் விட்டால் சில பயாஸ்கள் தேவையே இல்லாமல் இதை மேலே தள்ளிவிடும்.

க்யூபிஐயில்தான் இரட்டை ப்ராசஸர்க்காரர்கள் அதிகமாக மாட்டிக்கொள்கிறார்கள். அசலில் 133 × 48, அதாவது விநாடிக்கு 6.4 கிகா பரிமாற்றம். 180 பேஸ் கிளாக்கில் அதே 48 இருந்தால் 8.64. இரண்டு சாக்கெட்டுக்கும் நடுவே போர்டு முழுக்க நீளும் தடத்தில் அந்த வேகம் தடுமாறத்தான் செய்யும். பெருக்கியை 36க்கு இறக்குங்கள்: 180 × 36 என்றால் 6.48. அசலுக்கு மிக அருகில் வந்துவிட்டீர்கள், செயல்திறனில் இழப்பும் இல்லை. "எவ்வளவு வோல்டேஜ் கொடுத்தும் நிற்கவில்லை" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த ஓர் எண்ணைத்தான்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் வேகத்தை 100 மெகாஹெர்ட்ஸில் கையால் பூட்டுங்கள். பழைய இரட்டை செலரான் போர்டுகளை ஓட்டுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை வேறு எண்களில் உண்டு: பஸ் வேகம் 83, பிசிஐ அதில் பாதி என்றால் 41.5 மெகாஹெர்ட்ஸ், அசல் 33தான். டிஸ்க் கன்ட்ரோலர் முதலில் பிழை விடும். 100இல் மூன்றில் ஒரு பங்கு எடுத்தால் மறுபடி 33க்கு வந்துவிடும் என்பதால், வேகமான 100 அங்கே 83ஐவிடப் பாதுகாப்பானது.

4. பயாஸைச் சோதனைக்கு ஏற்றபடி அமையுங்கள்

டர்போ, சி-ஸ்டேட், ஸ்பீட்ஸ்டெப் மூன்றையும் அணைத்துவிடுங்கள். வேகமும் வோல்டேஜும் தானாக மாறிக்கொண்டே இருந்தால் எந்தப் புள்ளியில் விழுந்தது என்று சொல்ல முடியாது. கடைசிப் படியில் திரும்ப ஆன் செய்யலாம். ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரமையும் அணையுங்கள். கிளாக்கை வேண்டுமென்றே லேசாக அசைக்கும் வசதி அது, நமக்கு இப்போது ஆகாது.

நோட் இன்டர்லீவிங் என்ற அமைப்பு இருந்தால் அதை டிஸேபிள் செய்யுங்கள். சில போர்டுகளில் இதுவே நியூமா என்ற பெயரில் இருக்கும்; அங்கே அதை எனேபிள் செய்ய வேண்டும். பெயர் மாறும்போது ஆன், ஆஃப் தலைகீழாவதால் பலர் குழம்புகிறார்கள். காரணம் இதுதான்: இன்டர்லீவிங் ஓடும்போது மெமரி முகவரிகள் இரு பக்க ராமிலும் மாறி மாறி விழும். மெம்டெஸ்ட் பிழை காட்டினாலும் அது எந்தப் பக்கத்து ராம் என்று தெரியாது. நியூமா இருந்தால் கீழ்ப்பாதி முகவரிகள் ஒரு ப்ராசஸருடையவை, மேல்பாதி மற்றதுடையவை. 24 ஜிபி இருக்கும் கணினியில் 12க்கு மேல் மட்டும் பிழை வந்தால் இரண்டாம் பக்கம் என்று ஏறக்குறைய முடிவே செய்யலாம்.

5. அறிகுறியைப் படியுங்கள்

எப்படி விழுந்தது என்பதைக் கவனித்து எழுதுங்கள். "க்ராஷ் ஆச்சு" என்று மட்டும் எழுதினால் பிறகு எதற்கும் உதவாது.

சுமை ஏறிய சில நொடிகளில் சட்டென்று மின்சாரமே போய்விட்டது என்றால் அது பவர் சப்ளையின் பாதுகாப்பாகவோ ரெகுலேட்டரின் வெப்பமாகவோதான் இருக்கும். கோர் வோல்டேஜை ஏற்றினால் இது மோசமாகும்.

ப்ரைம்95இல் ஒரே ஒரு வொர்க்கர் (ஒரு கோரில் ஓடும் சோதனை வேலை) பிழையோடு நின்று மற்றவை ஓடிக்கொண்டிருந்தால், அந்தக் கோருக்கு வோல்டேஜ் போதவில்லை. இருப்பதிலேயே நல்ல செய்தி இதுதான், விலாசத்தோடு வந்த பழுது.

முழுசாக உறைந்து, மவுஸும் அசையாமல், நீலத்திரையும் வராமல் நின்றால் அன்கோர், க்யூபிஐ பக்கம் பாருங்கள். நீலத்திரையில் 101 என்றால் ஏதோ ஒரு கோர் குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லவில்லை, பெரும்பாலும் கோர் வோல்டேஜ் குறைவு. 124 என்றால் வன்பொருளே பிழையைப் பதிவு செய்திருக்கிறது. கோராகவும் இருக்கலாம், அன்கோராகவும் இருக்கலாம், எனவே பதிவேட்டைப் பார்த்தாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வந்தால் மெமரி.

அந்தப் பதிவேடு விண்டோஸின் ஈவென்ட் வியூவரில், சிஸ்டம் பகுதியில், வீயா லாகர் என்ற பெயரில் இருக்கும். 18 என்ற எண் கணினியை வீழ்த்திய பிழை. 19 என்பது பிழை வந்து வன்பொருளே திருத்திக்கொண்டது. 18ஐத் திறந்தால் பிழையின் வகையும், ப்ராசஸர் ஏபிஐசி ஐடி என்று ஓர் எண்ணும் இருக்கும். பலர் பார்க்காமல் விடும் எண் அது. ஆறு கோர் எக்ஸ்5650 ஜோடியில் முதல் சாக்கெட்டின் ஐடிகள் 32க்குக் கீழே, இரண்டாவதன் ஐடிகள் 32லிருந்து தொடங்கும். ஒவ்வொரு கோருக்கும் இரண்டு எண்கள். ஆகவே 34 என்று வந்தால் இரண்டாம் சாக்கெட்டின் இரண்டாம் கோர். மூன்று க்ராஷிலும் 34, 34, 35 என்று வந்தால் வேறு ஆராய்ச்சியே வேண்டாம், அந்த ஒரு கோர்தான். மூன்றும் மூன்று இடத்தைக் காட்டினால் பழுது பொதுவான ஏதோ ஒன்றில் இருக்கிறது.

பிழையின் வகை கேஷ் என்று இருந்தால் அந்த ஐடியை அப்படியே நம்பலாம். பஸ், இன்டர்கனெக்ட் என்று இருந்தால் அவ்வளவு நம்பாதீர்கள். புகார் சொல்லும் ப்ராசஸர் ஒன்றாகவும் குற்றவாளி எதிர்ப்பக்கமாகவும் இருக்கக்கூடும்.

ஈசிசி ராம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈசிசி ஒற்றை பிட் பிழைகளைத் திருத்திவிடும் என்பதால் கணினி விழாமல் ஓடும், நீங்களும் எல்லாம் சரி என்று நினைப்பீர்கள். திருத்திய பிழைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் அது நிலையான கணினி கிடையாது.

6. பக்கம் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியின் முதுகெலும்பு இந்தப் பகுதி. யுஎஸ்பி லினக்ஸில் நியூமாசிடிஎல் என்ற சிறு கருவி உண்டு. எந்த ப்ராசஸரின் கோர்கள் ஓட வேண்டும், எந்தப் பக்கத்து ராமைப் பயன்படுத்த வேண்டும் என்று இரண்டையும் தனித்தனியாக அதில் சொல்லலாம். அதன் கீழ் மெம்டெஸ்டரையோ, சரிபார்ப்பு ஆன் செய்த ஸ்ட்ரெஸ்-என்ஜியையோ ஓட்டுங்கள். ப்ரைம்95ஐ இங்கே தவிர்க்கிறேன், எந்த வேலை எந்தக் கோரில் என்பதைத் தானே முடிவுசெய்யும் பழக்கம் அதற்கு உண்டு.

கோர் எண்களை நீங்களாக ஊகிக்காதீர்கள். விண்டோஸில் பெரும்பாலும் முதல் பாதி எண்கள் முதல் சாக்கெட்டுக்கு வரும். லினக்ஸில் சில போர்டுகளில் இரட்டைப்படை எண்களெல்லாம் ஒரு சாக்கெட், ஒற்றைப்படை எல்லாம் மற்றது. எல்எஸ்சிபியு கட்டளை நியூமா என்று தொடங்கும் வரிகளில் எந்த நோடில் (ஒரு ப்ராசஸரும் அதன் பக்க ராமும்) எந்த எண்கள் என்று காட்டும், அதைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

நான்கு சோதனை, ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு மணி நேரம்:

அ. முதல் ப்ராசஸர், முதல் பக்க ராம்.
ஆ. இரண்டாம் ப்ராசஸர், இரண்டாம் பக்க ராம்.
இ. முதல் ப்ராசஸர், இரண்டாம் பக்க ராம்.
ஈ. இரண்டாம் ப்ராசஸர், முதல் பக்க ராம்.

இ, ஈ இரண்டிலும் தரவு க்யூபிஐ வழியாகத்தான் போய்வர வேண்டும். அதுதான் இந்த முறையின் சூட்சுமம்.

இப்போது விடையைப் படிப்பது சுலபம். அ, ஈ இரண்டும் விழுந்தால் முதல் பக்க ராம் அல்லது முதல் ப்ராசஸரின் மெமரி கன்ட்ரோலர். ஆ, இ விழுந்தால் அதே பழுது இரண்டாம் பக்கத்தில். அ, இ விழுந்தால் முதல் ப்ராசஸரின் கோர்கள்; ஆ, ஈ என்றால் இரண்டாவதன் கோர்கள். இ, ஈ மட்டும் விழுந்து அ, ஆ சுத்தமாக ஓடினால் க்யூபிஐ இணைப்பு, மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போய் பெருக்கியைப் பாருங்கள். நான்கும் விழுந்தால் பொதுவானவை: பேஸ் கிளாக், சிப்செட், பவர் சப்ளை.

நான்கும் நன்றாக ஓடி, இரு பக்கமும் சேர்ந்து முழுச்சுமையில் ஓடும்போது மட்டும் விழுகிறதா? ஒன்பதாம் பகுதிக்குப் போய்விடலாம்.

7. ப்ராசஸர்களை இடம் மாற்றிப் பாருங்கள்

ஆறாம் படி இரண்டாம் பக்கத்தைக் காட்டிவிட்டது. ஆனால் அங்கே ப்ராசஸர் இருக்கிறது, சாக்கெட் இருக்கிறது, ரெகுலேட்டர் இருக்கிறது, கூலரும் இருக்கிறது. இரண்டு ப்ராசஸரையும் இடம் மாற்றுங்கள். ராமை அந்தந்த இடத்திலேயே விடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் விடை கலங்கிவிடும்.

பழுது ப்ராசஸரோடு கூடவே இடம் மாறினால் அது பலவீனமான சிலிக்கான். அதே சாக்கெட்டில் தங்கிவிட்டால் சாக்கெட், ரெகுலேட்டர், ராம், கூலர் பொருத்தம் இவற்றில் ஒன்று. மறைந்தே போய்விட்டால் பேஸ்ட் அல்லது கூலர் இறுக்கம். கழற்றி மாட்டியதே வைத்தியமாகிவிட்டது.

ஒற்றை ப்ராசஸரோடு ஓட்டிப் பார்க்க விரும்பினால் முதல் சாக்கெட்டில்தான் போட வேண்டும், ராமும் அதன் ஸ்லாட்டுகளில்தான் இருக்க வேண்டும். காலி சாக்கெட்டுக்குப் பிளாஸ்டிக் மூடியைத் தவறாமல் போடுங்கள். ஈ5 தலைமுறையில் பிசிஐ எக்ஸ்பிரஸ் தடங்கள் ப்ராசஸரிலிருந்தே வருவதால், இரண்டாவதைக் கழற்றினால் சில ஸ்லாட்டுகள் செத்துக் கிடக்கும். அதைப் புதிய பழுதாக எண்ணிவிடாதீர்கள்.

8. இப்போது வோல்டேஜ், ஒரு தடவைக்கு ஒன்று

மெமரி, க்யூபிஐ, அன்கோர் மூன்றும் அசல் வேகத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது, பெருக்கியைக் குறைத்துப் பேஸ் கிளாக்கை மட்டும் முதலில் நிரூபியுங்கள். உதாரணத்துக்கு 180 × 14. கோர் 2.52 கிகாஹெர்ட்ஸ்தான், அசலைவிடக் குறைவு. இங்கேயே விழுந்தால் கோர் வோல்டேஜுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, விடிடியும் (அன்கோருக்கும் மெமரி கன்ட்ரோலருக்கும் போகும் வோல்டேஜ்) சிப்செட் வோல்டேஜும்தான் பார்க்க வேண்டியவை.

அது நின்றதும் பெருக்கியைப் படிப்படியாக ஏற்றுங்கள். இப்போது விழுந்தால் கோர் வோல்டேஜ். ப்ரைம்95 ஸ்மால் எஃப்எஃப்டி சோதனை கோரைத்தான் வாட்டும், மெமரியை அதிகம் தொடாது என்பதால் இந்தக் கட்டத்துக்கு ஏற்றது. கோர் நின்ற பிறகு மெமரி பெருக்கியை 8க்கு ஏற்றிப் ப்ளெண்ட் ஓட்டுங்கள். அதில் விழுந்தால் விடிடி அல்லது ராம்.

இரண்டு ப்ராசஸருக்கும் ஒரே வோல்டேஜ் வைக்க வேண்டும் என்று ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. ஒரே மாடலாக இருந்தாலும் ஒவ்வொரு சில்லும் கேட்கும் வோல்டேஜ் வேறு. ஒன்றுக்கு 1.24 போதும்போது மற்றது 1.30 கேட்கலாம். தனித்தனியாக வைக்க பயாஸ் விட்டால் தனித்தனியாகவே வையுங்கள், நல்ல சில்லை வீணாகச் சுட வைக்க வேண்டியதில்லை. பேஸ் கிளாக் இரண்டுக்கும் பொது என்பதால் கடைசி வேகத்தை முடிவு செய்வது பலவீனமான சில்தான். அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

படி 0.0125 அல்லது 0.025 வோல்ட். கோருக்கும் விடிடிக்கும் 1.35 வோல்ட்டை மேல் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த சாக்கெட்டில் டிடிஆர்3 வோல்டேஜ் 1.65ஐத் தாண்டக் கூடாது என்பது இன்டெல்லே சொன்னது. ரெஜிஸ்டர்டு ராமுக்கு 1.5ஐ விட்டு நகரவே தேவையில்லை. வோல்டேஜ் ஏற்ற ஏற்ற நிலைமை மோசமானால் நிறுத்துங்கள். விடிடிக்கு இது நன்றாகவே பொருந்தும்: ஓர் அளவு வரைதான் உதவும், அதற்கு மேல் அதுவே பிழையை உண்டாக்கும்.

பயாஸில் எழுதிய எண்ணை நம்ப வேண்டாம். சுமை ஏறும்போது வோல்டேஜ் இறங்கும். அதை ஈடுகட்டத்தான் லோடு லைன் கேலிப்ரேஷன். உச்சத்தில் வைத்தால் சுமை விலகும் நொடியில் வோல்டேஜ் எகிறும். நடுத்தர நிலை போதும்.

9. பவர் சப்ளையும் வெப்பமும்

தனித்தனியாக ஓடும்போது நின்று, சேர்ந்து ஓடும்போது விழும் கணினிக்கு இந்தக் கணக்கைப் போடுங்கள். மின்நுகர்வு வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு வர்க்கமாகவும் ஏறும். எக்ஸ்5650இன் அசல் அளவு 95 வாட். 2.66லிருந்து 3.6க்குப் போனால் 1.35 மடங்கு. வோல்டேஜ் 1.20லிருந்து 1.30க்குப் போனால் 1.17 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் ஒரு ப்ராசஸருக்கு 150 வாட், ஜோடிக்கு 300. ரெகுலேட்டரில் வீணாவதையும் சேர்த்தால் சுமார் 340 வாட், 12 வோல்ட் தடத்தில் 28 ஆம்பியர். குத்துமதிப்புதான், ஆனாலும் இதில் கிராஃபிக்ஸ் கார்டு, சிப்செட், ராம் எதுவும் சேரவில்லை. இந்த 28 ஆம்பியரை ஒரே கேபிளில் ஸ்ப்ளிட்டர் போட்டு இழுத்தால் கனெக்டர் சுடும், வோல்டேஜ் விழும். 12 வோல்ட்டைப் பல ரெயிலாகப் பிரித்த பவர் சப்ளையில் இரண்டு கேபிளும் ஒரே ரெயிலில் இருக்கிறதா என்று லேபிளையும் கையேட்டையும் பாருங்கள். மொத்த வாட் எவ்வளவு இருந்தாலும் ஒரு ரெயிலின் வரம்பைத் தாண்டினால் அணைந்துவிடும்.

வெப்பத்தில் இரட்டை போர்டுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. இரண்டு கூலரும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே திசையில் ஊதினால், பின்னால் உள்ளது முன்னதன் சூடான காற்றைத்தான் இழுக்கும். சும்மா இருக்கும்போது வித்தியாசம் தெரியாது, அரை மணி நேரச் சுமைக்குப் பிறகு தெரியும். "இரண்டாவது ப்ராசஸர் மோசம்" என்ற தீர்ப்பு பல நேரம் இதிலிருந்துதான் வருகிறது. கேஸின் பக்கப் பலகையைத் திறந்து, ஒரு மேசை ஃபேனைப் போர்டை நோக்கி வைத்து அதே சோதனையை ஓட்டுங்கள். நின்றுவிட்டால் காற்றோட்டம்தான் பழுது. ரெகுலேட்டருக்கும் சிப்செட்டுக்கும் வெப்ப எண் காட்டாத போர்டுகளில் இதைவிடச் சுலபமான சோதனை இல்லை.

சோதனை ஓடும்போது கோர் வேகத்தையும் பார்த்துக்கொண்டே இருங்கள். வெப்ப எல்லையைத் தொட்டதும் ப்ராசஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், குறைந்த வேகத்தில் சோதனையில் தேறியும்விடும். அது தேர்ச்சியே கிடையாது.

10. கடைசிச் சோதனைகள்

எல்லாம் நின்ற பிறகு இரண்டு ப்ராசஸரிலும் லின்பேக்கைச் சேர்த்து ஓட்டுங்கள், பாதியில் நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். பன்னிரண்டு கோர்களும் ஒரே நொடியில் எழுந்து ஒரே நொடியில் படுப்பது ரெகுலேட்டர்களுக்குக் கடுமையான சோதனை. ஒரே அளவில் மணிக்கணக்காக ஓடும் சுமையில் தெரியாத பழுது இதில் வெளியே வரும்.

அப்புறம் கணினியை முழுவதும் ஆறவிட்டுக் காலையில் ஆன் செய்யுங்கள். சூடாக இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகி, குளிர்ந்த நிலையில் மட்டும் தடுமாறும் கணினிகள் உண்டு. அநேகமாக மெமரி அமைப்பு விளிம்பில் நிற்கிறது, விடிடியை ஒரு படி ஏற்றுங்கள் அல்லது மெமரி டைமிங்கைத் தளர்த்துங்கள்.

இப்போது சி-ஸ்டேட், ஸ்பீட்ஸ்டெப் இரண்டையும் ஆன் செய்யலாம், ஒன்றுக்குப் பின் ஒன்றாக. டர்போவைக் கடைசியில் பார்க்கலாம், எனக்குக் கேட்டால் அது தேவையே இல்லை. ஆன் செய்தபின் சுமையே இல்லாதபோது ஹேங் ஆனால் இறங்கிய வோல்டேஜ் போதவில்லை என்று பொருள். கடைசியாக ஆன் செய்ததை மட்டும் அணைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் சொந்த டிஸ்கை இதன் பிறகுதான் மாட்ட வேண்டும். காலியாக விட்ட ராம் ஸ்லாட்டுகளை நிரப்பினால் ஆறாம் பகுதியின் நான்கு சோதனைகளையும் மறுபடி ஓட்டுங்கள், ஏனென்றால் மெமரி கன்ட்ரோலருக்கு அது புதிய கணக்கு. ஒரு மாதம் வழக்கம்போல ஓட்டியபின் வீயா பதிவேட்டில் 19ஆம் எண்ணைத் தேடிப் பாருங்கள். ஒன்றிரண்டு இருந்தாலும் பேஸ் கிளாக்கை 3 அல்லது 4 மெகாஹெர்ட்ஸ் இறக்கிவிடுங்கள்.